கலரும் கலவையும்

சென்ற மாசித் திங்களில் நம் தமிழ் மன்றத்தார் மூன்றாம் ஆண்டு மாணவர்க்கு அளித்த பிரிவுபசார விருந்தில் ஒரு சிறு பிணக்கு விளைந்ததை அன்பர் பலர் அறிவர். இலையிலிட்ட உணவைப் பற்றி ஒருவரும் குறை கூறினாரிலர். பிணக்கெல்லாம் குடிப்பதைப் பற்றியே எழுந்தது. கடையில் விற்கும் குப்பிப் பானங்களை வாங்கி ஆளுக்கொன்று கொடுத்துவிடுவோம் என்றனர் ஒரு சாரார். நன்னாரிச் சர்பத்தும் பழச்சாறும் சோடாவும் கூட்டி நாமே ஓர் அண்டாவிற் கலந்து அனைவர்க்கும் வார்ப்போம் என்றனர் மற்றொரு சாரார். யாம் இரண்டாஞ் சாராரைச் சேர்ந்தவர். வாதத்தில் வென்றோம், அண்டாவில் தோற்றோம். மாலை ஆறு மணிக்குத் தலைமை விருந்தினர் பருகிய அப்பானத்தில் சோடாவின் சுறுசுறுப்பு ஒரு சிறிதும் இல்லை. ‘வெல்லக் கஷாயம்’ என்று நண்பர் ஒருவர் அதற்குப் பெயரிட்டார். அப்பெயர் விடுதியில் இன்றும் வழங்கி வருகின்றது.

அத்தோல்விக்குப் பின்னும் எம் கருத்து மாறிற்றில்லை. விருந்துகளில் குப்பியை விடுத்து அண்டாவை வைத்தல் வேண்டும் என்றே இன்றும் கூறுகின்றோம். அதற்கு யாம் கொண்ட காரணங்களிற் சில நாவைப் பற்றியன. சில எம் கரிசற் காட்டைப் பற்றியன. ஒன்று எம் வீட்டைப் பற்றியது. அவ்வொன்றைச் சொல்லத் தயங்கியே இவ்வளவு நாள் எழுதாதிருந்தோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். இவ்வகைக் கலவையை ஆங்கிலர் ‘பஞ்ச்’ என்பர். ஐந்து என்னும் பொருளுடைய நம் நாட்டுச் சொல்லே கடல் கடந்து சென்று அவ்வாறு ஆயிற்று என்பது அறிஞர் பலர் கொள்கை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர் ஒருவர் 1632ஆம் ஆண்டு எழுதிய கடிதத்தில் அச்சொல் காணப்படுகின்றது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணப் பொருள் என ஐந்தும் கூடியதால் வந்த பெயர் என்பர். சாராயத்தை அப்புறப்படுத்திவிட்டால் எஞ்சுவது யாது? வெல்லம், எலுமிச்சை, நீர், சுக்கு, ஏலம் ஐந்தும் கூட்டித் திருவிழாக்களில் நம்மவர் வார்க்கும் பானகத்தின் உடன்பிறப்பே அன்றோ! ‘சர்பத்’ என்பதும் வந்த சொல்தான். குடித்தல் என்னும் பொருளுடைய அரபு மொழி அடியிற் பிறந்தது அது. மருந்துக் கடையில் இருமலுக்கு வாங்கும் ‘சிரப்’பும் அவ்வடியிற் பிறந்ததே. எம் வகுப்பு நண்பர்களுட் சிலர் இவற்றையெல்லாம் தள்ளி ‘ஐங்கலவை’ என்றொரு பெயர் புனைந்து சுவரொட்டியிலும் எழுதிவிட்டனர். ‘பஞ்சாமிர்தம் பழனிக்கு உரியது, ஐங்கலவை நமக்கு உரியது’ என்று அவர்கள் பெருமை பேசினார்கள். பெயர் நன்றே. பானம் சரியாக வந்திருப்பின் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இனிப் பானம் கெட்ட காரணத்தை ஆராய்வோம். யாம் செய்த பிழை மிக எளியது. வேலை முன்கூட்டியே முடிந்துவிட வேண்டும் என்னும் ஆவலால், பிற்பகல் மூன்று மணிக்கே சோடாக்களை உடைத்து அண்டாவில் ஊற்றிவிட்டோம். அதன் மேற் சர்பத்தைச் சொரிந்து அகப்பையால் நன்றாகக் கலக்கினோம். நுரை பொங்கி எழுந்தது. அதனைக் கண்டு கைகொட்டி மகிழ்ந்தோம். மகிழ்ந்த அக்கணத்திலேயே பானத்தின் உயிர் போய்க்கொண்டிருந்தது என்பதை அறிந்தோமில்லை. வேதியியல் துறை நண்பர் ஒருவர் பின்னர் எமக்கு இதனை விளக்கினார். கரியமிலவாயு குளிர்ந்த நீரில் மிகுதியாகவும் வெதுவெதுப்பான நீரிற் குறைவாகவும் கரையும். வளிமண்டலத்தின் இயல்பான அழுத்தத்தில், 0 பாகை வெப்பத்திலுள்ள ஒரு பங்கு நீர் ஏறத்தாழ 1.7 பங்கு வாயுவைத் தன்னுள் வைத்திருக்க வல்லது. அந்நீரே 30 பாகைக்கு ஏறினால் 0.66 பங்கிற்கு மேல் தாங்காது. மாசி மாதத்துப் பிற்பகலில், தகரக் கூரையின் கீழ், மூடியில்லாத அண்டாவில், அகப்பையாற் கலக்கப்பட்ட சோடா எங்ஙனம் பிழைக்கும்?

சோடாவின் வரலாற்றையும் ஈண்டுச் சிறிது கூறுதல் தகும். அஃது ஒரு மதபோதகர் கையிற் பிறந்தது என்பது நம் போன்ற கல்லூரியார்க்கு வியப்பளிக்கும். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் போதகராக இருந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்பார் 1767ஆம் ஆண்டில் மது வடிக்கும் சாலை ஒன்றின் அருகே குடியிருந்தார். புளித்துப் பொங்கும் தொட்டிகளின் மேல் தங்கி நிற்கும் வாயுவை நீரிற் கரைத்துப் பார்த்தார். 1772இல் அம்முறையைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். மதுச்சாலையின் ஆவியைப் பிடித்து மதுவல்லாத பானம் ஆக்கியவர் ஒரு போதகர்! 1872ஆம் ஆண்டு, அஃதாவது சரியாக நூறாண்டு கழித்து, ஹைரம் காட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் கழுத்திற் கோலிக்குண்டு வைத்த குப்பிக்கு உரிமை பெற்றார். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து வாயுவை ஏற்றினால், அவ்வாயுவே குண்டை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். தக்கை வேண்டா, மூடி வேண்டா, அடைத்து வைக்கப்பட்டதே அடைப்பாகவும் நிற்கின்றது. கட்டைவிரலால் அழுத்தினால் ‘பொட்’டென்று குண்டு இறங்கும். பிறந்த நாட்டில் அக்குப்பி பெரும்பாலும் மறைந்தொழிந்தது; நம் நாட்டிலோ இன்றும் வாழ்கின்றது. 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடுவண் வணிக அமைச்சகமே கோலி சோடாவின் ஏற்றுமதியைப் பற்றிப் பெருமையுடன் அறிவித்தது. எம் ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் இச்செய்தியைக் கேட்டு, ‘இங்கே குடிக்க ஆளக் காணோம்’ என்று மட்டும் சொன்னார்.

நிற்க. தோற்ற பின்னர் யாம் வாளாவிருந்தோமல்லோம். விடுதி நாள் விழாவில் மீண்டும் ஒருமுறை கலந்தோம்; அம்முறை வெற்றி கண்டோம். அறுபது பேர்க்கு யாம் செய்த அளவை ஒளிக்காமற் கூறுகின்றோம். நாட்டுமருந்துக் கடையில் நன்னாரி வேர் 100 கிராம் வாங்கிக் கழுவினோம். அம்மியில் நசுக்கி நடுவிலுள்ள வெண்ணிற நரம்பை நீக்கினோம். கொதித்து இறக்கிய நீர் ஒரு லிட்டரில் அதனை இட்டு மூடி ஓர் இரவு ஊற வைத்தோம். வேரை நெடுநேரம் கொதிக்கவிடுவார் பலர், அது தவறு. நன்னாரியின் மணத்துக்குக் காரணமான பொருள் வெனிலா மணத்தின் பொருளுக்கு நெருங்கிய உறவுடையது என்றும், ஆவியோடு எளிதில் வெளியேறிவிடும் என்றும் நூல்கள் கூறுகின்றன. அடுக்களை முழுதும் மணக்குமாயின் அண்டாவில் மணம் குறைந்தது என்றே பொருள். மறுநாள் வடிகட்டிய நீரில் 750 கிராம் சர்க்கரை சேர்த்துக் கரையுமளவு சூடாக்கி ஆறவிட்டோம். ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சர்பத் கிடைத்தது.

எலுமிச்சை முப்பது. புளியங்குடிச் சந்தைப் பழம் எனின் முப்பதே போதும். அங்குள்ள தோட்டங்களில் விளைவதற்குச் சாறு மிகுதி. பிழியுங்கால் தோலை முறுக்கிப் பிழிதல் கூடாது. பிழிந்தால் கசப்பு இறங்கும். அக்கசப்பை எவ்வளவு சர்க்கரையும் மறைக்காது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர்த் திராட்சையை மசித்து வடித்த சாறு 2 லிட்டர். அதனால் நிறமும் வந்தது, ஒரு சிறு துவர்ப்பும் வந்தது. சர்பத்து, இருவகைச் சாறு, குளிர்ந்த நீர் 2 லிட்டர் ஆகியவற்றைக் காலையிலேயே கலந்து, அண்டாவை ஈரச்சாக்கு சுற்றிப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்துவிட்டோம். பனிக்கட்டியைப் பொடித்து உள்ளே இட்டாற் பானம் விரைவில் நீர்த்துப்போம். ஆதலால் இரண்டு பெருங்கட்டிகளை மட்டும் மிதக்கவிட்டோம். அவற்றுள்ளும் திராட்சையை வைத்தே உறையச் செய்திருந்தோம். விருந்தினர் அமர்ந்த பின்னரே, முன்னமே குளிர வைத்த கோலி சோடா முப்பதையும் ஒவ்வொன்றாக உடைத்து, அண்டாவின் உட்பக்கச் சுவரை ஒட்டி மெல்ல இழியவிட்டோம். அகப்பையால் அடியிலிருந்து ஒரே முறை கிளறினோம். உப்பு ஒரு சிட்டிகை. அவ்வளவே. ‘வெல்லக் கஷாயம்’ என்று முன்னர்க் கூறிய நண்பர் மூன்று குவளை குடித்தார். பெயரை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார்.

உண்மையைச் சொல்லுமிடத்து, இப்பானம் உடல்நலத்திற்கு அமிழ்தம் என்று யாம் வாதிடோம். கணக்கிட்டுப் பாருங்கள். குவளையொன்றிற்குச் சேர்த்த சர்க்கரையே ஏறத்தாழ 12 கிராம். திராட்சையின் இனிப்பு அதற்குமேல். கடைப் பானத்தினும் ஓரளவு குறைவேயாயினும், நாள்தோறும் குடித்தற்குரியதன்று. விருந்து நாளில் மட்டும் குடிப்பதற்குரியது. கையிற் கட்டுப்பாடு நமக்கு உண்டு என்பதே வேறுபாடு. அடுத்த முறை 600 கிராம் இடுவோம் எனின் இடலாம். மூடிய குப்பியில் அவ்வுரிமை நமக்கில்லை.

இதுகாறும் கூறியவை நாவைப் பற்றியன. இனி எம் ஊரைப் பற்றிச் சிறிது கூறுவோம்.

யாம் கோவிற்பட்டிக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தவர். அவ்வூர் நிலத்தைக் காணாதார்க்கு அதனைச் சொல்லி விளக்குதல் அரிது. மழைக்காலத்தில் காலை வைத்தாற் செருப்பைப் பற்றிக்கொண்டு விடாத கரிசல். சித்திரையில் கைநுழையும் அளவு வெடித்துக் கிடக்கும். ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதிற் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையிற் பெய்தொழியும். அந்த ஈரத்தைக் கரிசல் தன் வயிற்றில் தேக்கி வைத்துக்கொண்டு பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் சிறுகச் சிறுகக் கொடுக்கும். குடிநீர்க்கோ கோவிற்பட்டி நகரம் சீவலப்பேரியிலிருந்து குழாய்வழி வரும் தாமிரபரணியையே நம்பியுள்ளது. எம் வீட்டுப் பெண்டிர் குடம் சுமந்த கதையையும், தண்ணீர் வரும் நாளை வைத்தே கிழமையை எண்ணிய கதையையும் எழுதப் புகின் இவ்வேடு போதாது.

விடுமுறைக்கு யாம் செல்லும் இரயில் கங்கைகொண்டான் வழியே செல்லும். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் உலகப் புகழ் பெற்ற இரண்டு குளிர்பான நிறுவனங்களின் பானங்களுக்குத் தாமிரபரணி நீர் வழங்கப்படுவதை எதிர்த்து வழக்குகள் எழுந்தன. மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2016ஆம் ஆண்டு நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் அவ்வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அதே மார்ச்சு முதல் நாளிலிருந்து அந்நிறுவனங்களின் பானங்களை விற்பதில்லை என்று தமிழகத்து வணிகர் சங்கங்கள் அறிவித்தமையும் அன்பர்க்கு நினைவிருக்கும். சல்லிக்கட்டுக் கிளர்ச்சியின் சூடு ஆறாத காலம் அது. நீதிமன்றம் தீர்த்த வழக்கை மீண்டும் நடத்துதல் எம் நோக்கமன்று. சட்டத்தின் கண் அது முடிந்தது. ஆயினும் குழாயடியில் வரிசையிற் குடம் வைத்த ஒருவர் அவ்வழியே இரயிலிற் செல்லுங்கால் சாளரத்தின் வழியே ஒருமுறை திரும்பிப் பார்க்காமலிருத்தல் இயலாது.

அயல்நாட்டார் குப்பிக்கு மாற்றாக நம் நாட்டார் குப்பி இல்லையோ எனின், உண்டு. எம் ஊரிலிருந்து வடக்கே சிறிது தொலைவிலுள்ள விருதுநகரில் 1916ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற காளிமார்க் நிறுவனம் நூற்றாண்டு கடந்தும் நிற்கின்றது. அதன் பொவன்டோவைக் குடியாது வளர்ந்த தென்பாண்டிப் பிள்ளை எவர்? யாமும் குடித்தே வளர்ந்தோம். சிற்றூர்தோறும் சோடாத் தொழிலகங்கள் இருந்தன; பன்னீர் சோடா, இஞ்சி சோடா, எலுமிச்சைக் கலர் எனச் செய்து சைக்கிளிற் பூட்டிய மரப்பெட்டிகளில் அவர்கள் கொணர்வார்கள். யாம் அண்டாவை வேண்டுவதால் இவர்கள் பிழைப்பிற் கைவைப்பதாக எண்ணற்க. முப்பது கோலி சோடாவை அவர்களிடமன்றோ வாங்கினோம்! கோவிற்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடினோம். அக்கடலைமிட்டாயின் பக்கத்தில் எந்தக் குவளையை வைக்கின்றோம் என்பதையும் எண்ணிப் பார்த்தால் நலம்.

இனி, சொல்லத் தயங்கிய செய்திக்கு வருகின்றோம்.

எம் ஊர்ப் பக்கம் வண்ணச் சோடாவிற்குக் ‘கலர்’ என்று பெயர். வீட்டிற்கு யாரேனும் வந்தால், ‘கலர் சாப்பிடுங்க’ என்று சொல்லுதல் உபசாரம். எம் பாட்டியார் இவ்வுபசாரத்திற் பேர்போனவர். திண்ணையருகே வேப்பமரத்தடியில் ஒரு முதியவர் வந்து நிற்பார். எம் நிலத்தில் நெடுங்காலம் உழைத்தவர் அவர். பாட்டியார் உள்ளிருந்தே எம்மை விளித்து, ‘ஏலே, ஓடிப்போய்க் கடையில ஒரு கலர் வாங்கிட்டு வா, தாத்தா வெயில்ல வந்திருக்காருல்ல’ என்பார். யாம் காசை வாங்கிக்கொண்டு ஓடுவோம். மீதிக் காசு எமக்கு. எம் மாமன்மார் வந்தாலோ பித்தளைச் செம்பில் நீரும், எவர்சில்வர்க் குவளையில் மோரும் மட்டுமே வரும், கலர் வாராது. உறவினர்க்கு மோர்தான், வேலையாள்க்குக் கலர் என்றால் பாட்டியாரின் கை எவ்வளவு பெரியது என்று பல ஆண்டு எண்ணி மகிழ்ந்திருந்தோம்.

கல்லூரிக்கு வந்த முதலாண்டில், இரட்டைக் குவளை முறையைப் பற்றி வகுப்பில் ஒருநாட் பேச்செழுந்தது. தேநீர்க் கடைகளில் ஒரு சாரார்க்கு ஒரு குவளையும் பட்டியலின மக்களுக்கு வேறு குவளையும் வைக்கும் கொடுமையைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2011ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வன்மையாகக் கண்டித்தது என்று ஆசிரியர் கூறினார். தீண்டாமையை அரசியலமைப்பு ஒழித்து அறுபதாண்டு கடந்தபின் அவ்வாறு கண்டிக்க வேண்டியிருந்தது! யாமும் பிறரைப் போலவே சினந்தோம். அன்றிரவு விடுதியிற் படுத்திருக்கையில்தான் வேப்பமரத்தடியும் கலர்க் குப்பியும் நினைவில் வந்தன. குப்பி கடையினின்று வரும், கடைக்கே மீளும். எம் வீட்டுக் குவளை எதுவும் அம்முதியவர் வாயிற் படவேண்டுவதில்லை. எம் வீட்டில் இரட்டைக் குவளை இருந்ததில்லை என்று பெருமை பேசலாம். ஆம், இரண்டாவது குவளை கடையில் இருந்தது. அதனை வாங்கி வர ஓடிய கால் எம் கால்.

பாட்டியாரைத் தீயவர் என்று அன்பர் எண்ணிவிடலாகாது. அவர் வைகறையில் எழுந்து வேதம் வாசிப்பவர். திருவிருந்து நாட்களில் ஆலயத்தில் ஒரே கிண்ணத்திற் பிறரோடு பருகுபவர். அக்கிண்ணத்திற்கும் தம் வீட்டுக் குவளைக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு என்று அவருக்கு எவரும் சொன்னதில்லை போலும். எமக்கும் எவரும் சொன்னதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, விடுதியிற் கற்ற வித்தையை வீட்டிற் காட்டத் துணிந்தோம். திராட்சைக்கு அங்கு வழியில்லை. ஓடைக்கரையிற் சப்பாத்திக்கள்ளிப் பழம் சிவந்து நின்றது. 1926ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து கொணர்ந்த ஒருவகைப் பூச்சியை விட்டு அக்கள்ளியை அழிக்க முயன்றனர் என்று தாவரவியல் நண்பர் கூறுவதுண்டு. எனினும் எம் ஓடைக்கரையில் எஞ்சி நிற்பது எம் நற்பேறு. இடுக்கியாற் பறித்து, மணலிற் புரட்டி முள்ளை நீக்கி, மசித்து, பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டினோம். கண்ணுக்குத் தெரியாத சிறு முள் ஒன்று எஞ்சினாலும் நாக்கு பல நாள் பகைக்கும். ஆதலின் இரண்டு முறை வடித்தல் இன்றியமையாதது. கிடைத்த சாற்றின் நிறம் எந்தக் கலருக்கும் தாழ்ந்ததன்று. சர்பத், எலுமிச்சை, சோடா சேர்த்து முற்றத்தில் ஒரு போணியிற் கலந்து வைத்தோம். அண்டை வீட்டுப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

அந்நேரம் அம்முதியவர் வந்தார். வேப்பமரத்தடியில் நின்றார். பாட்டியார் வழக்கம்போற் காசை எடுத்து எம் கையிற் கொடுத்தார். யாம் அக்காசைத் திண்ணையில் வைத்துவிட்டு, வீட்டு அலமாரியிலிருந்து ஒரு குவளையை எடுத்து வார்த்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினோம். பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விடை கூற ஆயத்தமாக இருந்தோம். எம் மனத்தில் ஒரு சொற்பொழிவே இருந்தது. ஆனால் மறுத்தவர் முதியவர். ‘எனக்குக் கலரே போதுமையா’ என்றார். குவளையைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார், வீட்டின் வாயிலைப் பார்த்தார். இம்மூன்று பார்வையையும் யாம் அதற்குமுன் நினைத்துப் பார்த்ததேயில்லை. எம் நல்லெண்ணத்தினால் அவர்க்கு நேரும் சங்கடம் எத்துணையது என்பதை அப்போதே அறிந்தோம். எம் மன்றாட்டுக்கு இணங்கிக் கடைசியில் வாங்கிக்கொண்டார். உதட்டிற் படாமல் அண்ணாந்து குடித்தார். சோடா அங்ஙனம் குடித்தற்குரியதன்று. மூக்கில் ஏறிப் புரையேறிற்று. பிறகு தாமே குழாயடிக்குச் சென்று குவளையைக் கழுவித் திண்ணையின் வெளிவிளிம்பிற் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மாலை வரை அக்குவளை அங்கேயே இருந்தது. பின்னர் யாம்தான் எடுத்து உள்ளே வைத்தோம். மறுநாட் காலையில் பாட்டியார் அதிற் காப்பி குடித்தாரா, வேறு குவளையில் குடித்தாரா என்பது தெரியவில்லை. எங்கள் வீட்டுக் குவளைகள் எல்லாம் ஒரே மாதிரியானவை.

இந்நிகழ்ச்சிக்குப் பின் கல்லூரி விருந்தைப் பற்றிய எம் எண்ணமும் வேறு வகைப்பட்டது. விடுதி நாளன்று அண்டாவைச் சுற்றி நின்றவர் யாவர் என எண்ணிப் பார்த்தோம். மாணவர், ஆசிரியர், அலுவலகத்தார். சமையற்கூடத்தார் அடுக்களையிலேயே இருந்துவிட்டனர். கூடத்தைப் பெருக்கியவர் படிக்கட்டில் அமர்ந்திருந்தார். அவருக்கு ஒருவர் கடைக்குப்பி ஒன்றை அன்புடன் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை அன்று யாமும் கண்டோம். நல்ல மனம் என்று எண்ணிக் கடந்துவிட்டோம். இதனை எழுதுவதில் எவரையும் குறை கூறும் நோக்கமில்லை. கூறுவதாயின் முதற்பெயர் எம் பெயரே.

குப்பியை விரும்புவோர் கூறும் தடைகள் சில உள. தொற்றுநோய்க்கு அஞ்சுவோர் உளர்; 2020ஆம் ஆண்டைக் கடந்து வந்தோர் அஞ்சுதல் இயல்பே. அண்டாவிற்கு மூடியும், வார்ப்பதற்கு ஒருவரே கையாளும் நீண்ட அகப்பையும், குவளைகளுக்குக் கொதிநீரும் இருப்பின் அவ்வச்சத்திற்கு இடமில்லை. காகிதக் குவளை வைத்தாலென்ன என்று கேட்டனர். வைக்கலாம், எனினும் எறிந்துவிடும் குவளை மீண்டும் ஒருவகைக் கலர்க்குப்பியே என்று எமக்குத் தோன்றுகின்றது. பதநீரைப் பனையோலைப் பட்டையிற் குடித்துப் பட்டையை எறியும் வழக்கம் அழகியதுதான்; ஆனால் அது கழுவ நீரற்ற பனங்காட்டிற்கு ஏற்றது. நம் கல்லூரியிற் கழுவுதற்கு நீருண்டு. செலவைப் பற்றியோ கேட்கவே வேண்டா: இனிப்பும் வாயுவும் ஏற்றிய கடைப்பானங்களுக்குச் சரக்கு சேவை வரியே 40 விழுக்காடு. ‘யார் இவ்வளவு எலுமிச்சை பிழிவது?’ என்பதே எல்லாவற்றினும் வலிய தடை. அதற்கு எம்மிடம் விடையில்லை. முப்பது பழம் பிழிந்தால் விரல் இடுக்கெல்லாம் எரியும்.

வரும் மாசியில் மீண்டும் பிரிவுபசார விருந்து நிகழவிருக்கின்றது. இம்முறை விருந்திற்குரியார் யாமே. ஆயினும் கலப்பதற்கு யாமே வருகின்றோம். நன்னாரி வேர் எம் பொறுப்பு. அண்டாவும் அகப்பையும் விடுதியில் உள. சமையற்கூடத்தார், காவலர், தோட்டக்காரர், பெருக்குவோர் அனைவரையும் சேர்த்து எண்ணினால் எண்பத்திரண்டு பேர் ஆகின்றனர். விடுதியிலுள்ள எவர்சில்வர்க் குவளைகளோ அறுபத்து நான்கே. குறையும் பதினெட்டுக்கு, நண்பர்கள் தத்தம் வீட்டிலிருந்து ஆளுக்கொரு குவளை கொணர வேண்டுகின்றோம். பெயர் வெட்டிய குவளையாயினும் ஏற்போம். குடித்தபின் அவை கலந்தே கழுவப்படும். எவர் குவளை எவர் வாயிற் பட்டது என்று கணக்கு வைக்க ஆளில்லை. இதற்கு உடன்படுவோர் மன்றச் செயலரிடம் முன்னதாகவே பெயர் கொடுத்துவிடின், எலுமிச்சை வாங்கும் தொகையைக் கணக்கிட எளிதாயிருக்கும்.